ஆறு மணிக் கைக்கு ஒரு பேஸ் கிட்டார்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

இன்றைய ஆராதனையில் இரண்டாவது பாட்டு எஃப் மேஜர். பேஸ் கிட்டாரில் கீழ் எஃப் என்றால் மிகத் தடித்த தந்தியின் முதல் ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் முதலாவது. கழுத்திலேயே மிக அகலமான இடம் அதுதான். தந்தியைத் தாங்கும் நட் ஒட்டினாற்போல் இருப்பதால், அழுத்தவும் அங்கேதான் அதிக பலம் வேண்டும். மூன்றாம் சரணத்துக்குள் இடது சுட்டுவிரலின் அடிக்கணு சூடேறிவிட்டது. பாட்டு முடிந்ததும் மணிக்கட்டை மடியில் வைத்து மறு கையால் பிடித்துக்கொண்டு பிரசங்கம் கேட்டேன்.

கல்லூரி நாளிலிருந்து நாகர்கோவிலில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு வாசித்து வருகிறேன். முடக்குவாதம் வந்தபின் இரண்டு பேர் மிக அன்பாகவே, "போதுமே அக்கா, இளையவர்கள் யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். போதாது. நூறு பேர் பாடும்போது அந்தப் பாட்டு எதன் மேல் நிற்கிறது என்பது பேஸ் வாசிப்பவருக்குத்தான் உடம்பில் தெரியும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே கருவியை மாற்றப் போகிறேன். இந்த நோயோடு எந்த பேஸ் வாங்குவது என்று தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. தேடுகிறபோதே எழுதி வைக்கிறேன், இன்னொருவருக்கு உதவும்.

ஆகஸ்ட் 10, சனி

பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

சாதாரண பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். 1951இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் வைத்த அளவு அது. இன்றும் அதுவே வழக்கம். 30 அங்குலம் உள்ளவற்றை ஷார்ட் ஸ்கேல் என்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் உலகமே பார்த்த ஹோஃப்னர் வயலின் பேஸ் இந்த வகை. ஒரு ஃப்ரெட்டின் அகலம் வேண்டுமானால், அதுவரை மீந்திருக்கும் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் போதும். 34 அங்குலக் கழுத்தில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 48.5 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை, அதாவது நான்கு விரலும் விரிய வேண்டிய தூரம், கிட்டத்தட்ட 130. அதே தூரம் 30 அங்குலத்தில் 114தான். பதினைந்து மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர் வீங்கிய கணுவோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது இழுவிசை. அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். 30ஐ 34ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.78. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக பளு குறைகிறது. நல்ல கைக்காரருக்கு இது ஒலிச் சுவை பற்றிய சங்கதி. எனக்கு வாசிப்பதா, வேண்டாமா என்பதே இதில்தான் இருக்கிறது.

கருவியை மாற்றாமலே ஒன்று செய்யலாம். ஆளுயர டபுள் பேஸை நிமிர்த்தி வைத்து வாசிப்பவர்களுக்குச் சிமாண்டல் என்பவர் வகுத்த விரல் முறையில், கழுத்தின் கீழ்ப்பகுதியில் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒரே விரலாக அழுத்தும். நான்கு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்றுக்குள் கை அடங்கிவிடும்; மேலும் வேண்டுமென்றால் கையையே நகர்த்த வேண்டும். அந்தப் பெரிய கருவிக்காக வந்த முறை என் சின்னக் கைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்று முதல் அப்படித்தான் பழகுகிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வந்தேன். கையில் ஓர் அட்டைத் துண்டு. அதில் 30 அங்குலக் கணக்குப்படி ஃப்ரெட் கோடுகள் வரைந்து, கோடுகளுக்கு இடையில் என் விரல்கள் வலியின்றி விரியும் எல்லையைச் சிவப்பு மையில் குறித்திருந்தேன். கடைப் பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இந்த மாதிரி அளவோடு யாரும் வந்ததில்லை" என்றான். பிறகு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் என்னோடு பொறுமையாக நின்றான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

தலை இல்லாத பேஸ் ஒன்றை முதலில் எடுத்துக் கொடுத்தான். ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் கொண்டுவந்த வடிவம். கழுத்து முனையில் பாரம் கிடையாது. ஆகவே கழுத்து கீழே சாய்வதில்லை. இது பெரிய வரம். சாதாரண பேஸில் கழுத்து சரியும்போது அதை இடது கைதான் ஓயாமல் தூக்கிப் பிடிக்கிறது. வாசிக்க வேண்டிய கை சுமை தூக்கியே களைத்துவிடும். ஆனால் சுருதி சேர்க்கும் முறுக்காணிகள் அடிப்பகுதியில், சிறு திருகுகளாக, நெருக்கி அமைந்திருக்கின்றன. அவற்றைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளித் திருக வேண்டும். எனக்கு மிகக் கடினமான செயல் அந்தக் கிள்ளல்தான். மருந்துப் புட்டி மூடிகூட மகள்தான் திறந்து தருகிறாள். பழைய பாணி பேஸின் முறுக்காணி இலை போல் அகலமாக இருக்கும். உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளியே திருப்பிவிடலாம். எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை.

ஐந்து தந்தி பேஸையும் எடுத்துப் பார்த்தேன். கீழே ஒரு பி தந்தி கூடுதலாக இருப்பதால், என்னைப் படுத்தும் அந்த எஃப் அதன் ஆறாவது ஃப்ரெட்டில் கிடைக்கிறது. அங்கே ஃப்ரெட்டுகள் குறுகல். கணக்குப்படி அருமையான தீர்வு. கழுத்தோ அகலம். தடித்த தந்தியை எட்ட மணிக்கட்டை இன்னும் வளைக்க வேண்டியிருந்தது. என் மணிக்கட்டில் அந்த வளைவு மிச்சமில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

30 அங்குலத்தில் ஒன்று இருந்தது. சுகமாக இருந்தது. ஆனால் அப்போது மணி பதினொன்றரை. என் கை நன்றாக இருக்கும் நேரம். அந்த வேளையில் எனக்கு எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வாங்காமல் திரும்பினேன்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று மாத்திரை நாள். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை. மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும். முன்பு சனி இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை ஆராதனை இருக்கிறதென்று டாக்டரிடம் சொன்னதும், திங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே வழி சொன்னார். வாசிப்பை ஒரு தேவையாக அவர் எடுத்துக்கொண்டது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

ஊனச் சான்றிதழுக்குப் பரிசோதனைக்குப் போனதையும் எழுத வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீத ஊனம் என்பது எல்லைக்கோடு. கையை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், கோணம் அளந்தார்கள். நடுப்பகல். என் கை நன்றாகவே மடங்கியது. காலை ஆறு மணிக்கு அதே கை ஒரு தேநீர்க் குவளையைப் பிடிக்காது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கிட்டார்க் கடையிலும் இதே சிக்கல்தான். நோய் ஏறி இறங்குகிறது. அளப்பவர்களோ கை இறங்கியிருக்கும் வேளையைப் பார்ப்பதே இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கீபோர்டு வாசிக்கும் தம்பியின் உறவினர் மார்த்தாண்டத்தில் இருக்கிறார். அவரிடம் 30 அங்குல பேஸ் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வாரத்துக்குக் கடன் கேட்டேன். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன். விழித்ததும் வெந்நீரில் கையை நனைப்பதற்கு முன்பே எடுத்து மடியில் வைத்துக்கொள்வது என்று திட்டம். முடக்குவாதக்காரர்களுக்குக் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். விரலின் அடிக்கணுவும் நடுக்கணுவும் மரத்துக் கிடக்கும். நுனிக்கணு மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆகவே விரல் நுனி சொன்னபடி கேட்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கணுக்கள் கேட்பதில்லை.

இன்றைய காலை இப்படிப் போனது. முதல் ஃப்ரெட்: சுட்டுவிரலால் அழுத்த முடியவில்லை, தந்தி மொட்டையாக டக் என்றது. விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, அதன் முதுகிலேயே நிற்பதுபோல் நகர்த்தியதும் ஒலி வந்தது. கம்பிக்கு எவ்வளவு அருகில் அழுத்துகிறோமோ அவ்வளவு குறைந்த பலம் போதும். பெருவிரலைக் கழுத்தின் பின்னாலிருந்து எடுத்துவிட்டு, முழங்கையின் கனத்தைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தேன். கிள்ளிப் பிடிக்காமலேயே தந்தி அமுங்கியது! அதே காலையில் என் பழைய 34 அங்குலத்தை எடுத்தேன். ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே எதுவும் நடக்கவில்லை. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

வலது கையும் மோசமான நாட்கள் உண்டு. அதற்கு ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்கிறார். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைப்பதிவுகளில் அத்தனை அற்புதங்களையும் வலது சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டியவர். திறந்த தந்திகளைத் தாராளமாகப் பயன்படுத்தியவர். அவர் கையில் குறை ஒன்றும் இல்லை, அது அவர் பாணி. எனக்கு அது ஒரு கைத்தடி. பிளாக் சபாத் குழுவின் கிட்டார்க்காரர் டோனி அயோமியின் கதை வேறு. 1965இல் பர்மிங்காம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைத் தேடி, பின்னாளில் சுருதியையும் இறக்கினார். அரைப் படி இறக்கினால் இழுவிசை பதினொரு சதவீதம் குறையும், முழுப் படி இறக்கினால் இருபதைத் தாண்டும். மிக மோசமான வாரங்களுக்கு இதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன். புதியது வந்துவிட்டது. 30 அங்குலம், நான்கு தந்தி, மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பழையது நான்கைத் தாண்டும். தோள்மூட்டுக்கு அந்த ஒரு கிலோ நன்றாகவே தெரிகிறது. இதைவிடச் சிறியதாக 28.6 அங்குலத்தில் ஐபானெஸ் மைக்ரோ இருக்கிறது. குழந்தைகளுக்கும் மிகச் சின்னக் கைகளுக்கும் யோசிக்கலாம். எனக்குத் தடித்த தந்தி அதற்குமேல் தளர்வது பிடிக்கவில்லை. சபைக்கு அந்தக் கீழ் ஒலி உறுதியாக வேண்டும்.

தந்தி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விரலுக்கு இதமாக இருக்கும் என்று தட்டையான உலோக நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்திகளைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். தொடுவதற்கு வழவழப்பு, சரி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வழக்கமான தந்திகளைவிட இறுக்கமானவை. வழவழப்பில் கிடைத்த லாபம் அழுத்துவதில் போய்விடும். தளர்வான ஃபிளாட்வவுண்டுகளும் உண்டு. தாமஸ்டிக் தந்திகள் அதற்குப் பேர் பெற்றவை, விலையும் அப்படித்தான். நைலான் நாடா சுற்றிய கறுப்புத் தந்திகள் இன்னொரு வழி. நான் இப்போதைக்கு மெல்லிய தந்தியைப் போட்டிருக்கிறேன்.

பழுது பார்ப்பவரிடம் இரண்டு வேலை சொன்னேன். முதலாவது, நட்டில் தந்தி உட்காரும் பள்ளங்களைச் சற்று ஆழமாக்குவது. புதுக் கருவிகளில் அவை பெரும்பாலும் உயரமாகவே வருகின்றன. முதல் ஃப்ரெட்டின் கொடுமையில் பாதி அதனால்தான். அவர் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, தந்தியை வைத்து, மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். மறுபடி ஓர் இழுப்பு. காகிதம் நுழையும் அளவு இடைவெளி வந்ததும் நிறுத்தினார். இரண்டாவது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி உயரத்தை 1.8 மில்லிமீட்டருக்கு இறக்குவது. பலமாக மீட்டினால் உரசி இரைச்சல் வரும் என்றார். மென்மையாக மீட்டி, ஒலியை மிக்ஸரில் கூட்டிக்கொள்கிறேன் என்றேன். பலம் மின்சாரத்துக்கு எளிது, என் விரலுக்கு அரிது.

அக்டோபர் 13, ஞாயிறு

புதுக் கருவியோடு ஆராதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, அகலமான தோள்பட்டியையும் மாட்டிக்கொண்டேன். உட்கார்ந்திருந்தாலும் பட்டி கழுத்தைச் சாய விடாது. ஆம்ப் தூக்கும் வேலையே இல்லை, டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வழியாக நேரே மிக்ஸருக்கு. ஜாக்கைச் செருகுவது மட்டும் கீபோர்டு தம்பியின் பொறுப்பு.

எனக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்ன விதி: வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி கூடியே இருந்தால், வேலை அதிகம் என்று பொருள். மதியச் சாப்பாட்டுக்குள் வலி அடங்கிவிட்டது. சாயங்காலம் மறுபடி எடுத்து வாசித்தேன், கடமைக்காக அல்லாமல் சும்மா ஆசைக்காக. அப்படி வாசித்து வெகுநாள் ஆகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

அறுப்பின் பண்டிகைக்கான பாட்டுப் பட்டியல் வந்தது. மூன்று பாட்டு எஃப் மேஜர். பாடகர் குழுத் தலைவரிடம் போய், "அண்ணன், இந்த எஃப்பை ஈக்கு இறக்க முடியுமா?" என்று நேராகக் கேட்டேன். ஈ என்றால் திறந்த தந்தி. இடது கை ஓய்ந்திருக்கும். நோயைச் சொல்லிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரோ கீபோர்டு தம்பியைப் பார்த்து, "ஒரு பொத்தான்தானே?" என்றார். முதல் பாட்டை ஈயில் பாடிப் பார்த்தோம். மேல்குரல் பெண்கள், இதுவே சௌகரியம், இதிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

இரண்டாவதை ஜிக்கு ஏற்றுவது என்று முடிவாயிற்று. மூன்றாவது இரண்டு பக்கமும் நகராது; ஏற்றினால் மேல்குரல் கிறீச்சிடும், இறக்கினால் ஆண்களின் அடிக்குரல் தரையைத் தட்டும். அதை எஃப்பிலேயே விட்டுவிட்டோம். சரணங்களில் டி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மேல் எஃப் வாசிப்பேன். கீழ் எஃப்பைக் கடைசிப் பல்லவிக்கு வைத்திருக்கிறேன்; சபை முழுவதும் எழுந்து நின்று பாடும் இடம் அது.