செருப்பைக் கழற்றச் சொன்னது நான்தான்

செருப்பைக் கழற்றச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் "கழற்றச் சொன்னாங்க" என்று வேறு யாரோ செய்ததைப் போலச் சொல்லிப் பழகிவிட்டது.

தெற்கு சூடானில் மரிடி. ஒரு மாமரத்தடி, பெஞ்சு, பதிவேடு, மாத்திரை டப்பா, குடத்தில் தண்ணீர், அப்புறம் அந்தக் கம்பு. கருப்பு ஈ கடித்துப் பரவும் புழு நோய்தான் ஆற்றுக்குருடு, அதற்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரைக்குத் தராசு தேவையில்லை, உயரம் பார்த்தால் போதும். கம்பில் 90 செ.மீ.யில் முதல் கோடு, அதைத் தொட்டால் ஒரு மாத்திரை. 159ஐத் தொட்டால் நான்கு. முதல் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. ஊர்க்காரரே ஊருக்குக் கொடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் அழகு. அன்றைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த தன்னார்வலரும் அந்த ஊர்ப் பையன்தான். நான் மேற்பார்வைக்குப் போனவன், அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பெண் போட்டிருந்தது பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு. ஒன்றரை விரல் தடிமன் இருக்கும். பெரிய பையன்கள் போடுவது, அவள் பாதம் அதில் பாதிகூட வரவில்லை. கம்பில் சாய்ந்து நின்றாள், தலை கோட்டைத் தொட்டது. தன்னார்வலர் டப்பாவைத் தட்டி ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்துவிட்டார். நான் அவள் காலைக் காட்டினேன். கழற்றினாள். தலை ஒன்றரை விரல் கீழே இறங்கியது. மாத்திரை திரும்ப டப்பாவுக்குள் போன சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

அவள் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தன்னார்வலரிடம்தான் பேசினாள், ஒரு நிமிடம் இருக்கும், குரலை உயர்த்தாமல், நிறுத்தாமல். முடிந்ததும் அவர் என்னிடம் திரும்பி, "அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க, டாக்டர்" என்றார். நான் டாக்டர் இல்லை, பலமுறை சொல்லியாயிற்று.

"அவ்வளவுதானா சொன்னாங்க?"

"அவ்வளவுதான்."

ஒரு நிமிடப் பேச்சு எப்படி ஒரு வரியாக முடியும் என்று அப்போதே தோன்றியது. பின்னால் வரிசை நீண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

நம் ஊர் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகக் கோடு போட்டிருப்பார்களே, அங்கே நிற்கிற அம்மா பிள்ளையின் காதில் "கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா" என்பாள். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த அம்மா நிமிர்த்தி வைத்தாள். நானோ கண்டக்டர் அளவுக்குக்கூட இல்லை.

சரி, நான் செய்தது தப்பா? வெறுங்காலோடுதான் அளக்க வேண்டும். 90 செ.மீ.க்கும் 15 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளிடம் இந்த மருந்து போதுமான அளவு சோதிக்கப்படவில்லை என்பதால் வந்த விதி அது. ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் தளர்த்திக்கொண்டே போனால், என்றைக்காவது ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகி, அடுத்த வருடம் யாரும் வரிசைக்கே வரமாட்டார்கள். அதோடு அவள் வயது நான்காகவும் இருக்கலாம், பிறப்புச் சான்றிதழ் எதுவும் இல்லை. இன்னொன்று, ஒரே ஒரு மாத்திரையால் என்ன ஆகிவிடப் போகிறது? ஐவர்மெக்டின் தோலுக்கடியில் இருக்கும் நுண்புழுக்களைத்தான் கொல்லும். தோலடி முடிச்சுக்குள் சுருண்டு கிடக்கும் தாய்ப்புழு சாகாது, பத்துப் பதினைந்து வருடம் வாழும். அதனால்தான் வருடா வருடம் கொடுக்கிறோம். போரால் பல வருடம் மாத்திரையே வராமல் போன ஊர் அது. அந்த இடைவெளிக்கு முன்னால் என் ஒன்றரை விரல் எம்மாத்திரம்?

இதையெல்லாம் ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காலையில் கடலூர் ஞாபகத்துக்கு வரும். யானைக்கால் நோய்க்கு அங்கே வீடு வீடாக மாத்திரை கொடுத்திருக்கிறேன். அங்கே கணக்கு வயதை வைத்து: இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் ஒன்று, ஆறிலிருந்து பதினாலு வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. அம்மா சொல்வதுதான் வயது. ஒரு வீட்டிலாவது "சான்றிதழைக் காட்டுங்க" என்று கேட்டிருப்பேனா? (அந்த டிஇசி மாத்திரையை மரிடியில் கொடுத்துவிடக் கூடாது, ஆற்றுக்குருடுப் புழு உடம்பில் உள்ளவருக்கு அது கண்ணையே கெடுக்கலாம். பயிற்சியில் விவரம் தெரியாமல் "எங்க ஊர்ல டிஇசி" என்று ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) பிறகு ஏன் இங்கே மட்டும் செருப்பு என் கண்ணில் பட்டது? பட்டதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. ஏமாற்றுவதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். விதியை நான் அப்புறமாகத்தான் நினைத்தேன்.

மரிடியில் கண் மட்டும் பிரச்சினை என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே சிறுத்தைத் தோல் மாதிரி வெள்ளைத் திட்டோடு பெரியவர்கள், குச்சியின் ஒரு முனையைப் பிடித்துத் தாத்தாவை நடத்திப் போகும் பேரன், இதெல்லாம் ஆற்றுக்குருடு என்றதும் எதிர்பார்த்துப் போனவைதான். எதிர்பார்க்காதது வலிப்பு. நன்றாக இருந்த பிள்ளைக்குச் சாப்பிடும்போது தலை தொங்கித் தொங்கி விழும். பிறகு முழு வலிப்பு வரும், சில பிள்ளைகளுக்கு வளர்த்தியே நின்றுவிடும். அங்கே நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் வலிப்பு, மரிடி ஆற்று அணைப் பக்கத்து ஊர்களில் இன்னும் அதிகம். புழு இதை எப்படிச் செய்கிறது என்று இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் கருப்பு ஈ கடிக்கிற இடத்தில்தான் இதுவும் இருக்கிறது. வளரவிடாமல் செய்யும் நோய்க்கு உயரம் பார்த்து மருந்து கொடுக்கிறோம். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த அணைக்கும் போயிருக்கிறேன். கடலூரில் சாக்கடை, தேங்கின தண்ணீர் என்று திட்டித் திட்டியே பழகியவனுக்கு மரிடி அணையில் தண்ணீர் வழிந்தோடும் இடம் சொர்க்கமாகத் தெரிந்தது. நுரைத்துக்கொண்டு ஓடுகிற தெளிந்த தண்ணீர். முகம்கூடக் கழுவினேன். அந்த நுரையில் நனைகிற புல்லிலும் செடியிலும்தான் ஈயின் புழுக்கள் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. 2019லிருந்து ஊர்க்காரர்களே அந்தச் செடிகளை வெட்டி அப்புறப்படுத்துகிறார்கள், கடி வெகுவாகக் குறைந்தது. கம்பையும் பதிவேட்டையும்விட அந்த அரிவாள்கள் மேல்தான் எனக்கு இப்போது மரியாதை.

அன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது தன்னார்வலரிடம் மறுபடி கேட்டேன், அந்தம்மா நிஜமாகவே என்ன சொன்னாங்க என்று. கொஞ்ச தூரம் போகும்வரை பதில் வரவில்லை. "அந்தச் செருப்பு அவ அண்ணனோடது. அவனுக்கு இப்ப தேவைப்படலை" என்றார். அப்புறம் "மாலேஷ்" என்றார். பரவாயில்லை, விடுங்கள், மன்னியுங்கள், எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. அண்ணனுக்கு ஏன் தேவைப்படவில்லை என்று கேட்கிற தைரியமும் எனக்கு வரவில்லை.

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே "உயரம் போதாது" என்று போட்டோம். மருந்து வாங்கத் தகுதியுள்ளவர்களில் 80 சதவீதம் பேராவது விழுங்கியிருக்க வேண்டும் என்பது இலக்கு. அவள் தகுதியுள்ளவர்களின் கணக்கிலேயே வரமாட்டாள். எங்கள் சதவீதம் குறையவில்லை, அறிக்கை நன்றாகவே வந்தது.

அடுத்த சுற்றுக்குள் என் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். இதே மாத்திரையைச் சிரங்குக்காக இன்னும் சின்னக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, பெரிய கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளை இங்கே வந்து உட்கார்ந்துதான் படித்தேன். படித்திருக்க வேண்டாம் என்று சில நாள் தோன்றும். இருந்தாலும் நாளைக்கே மறுபடி அந்த மாமரத்தடியில் நிறுத்தினால் கழற்றச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியுமா, தெரியவில்லை.

தன்னார்வலருக்குப் போன் போட்டேன். லைன் விட்டு விட்டு வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே, "வாங்கிட்டா, இந்தத் தடவை வாங்கிட்டா, டாக்டர்" என்றார். எத்தனை என்று கேட்டேன். ஒன்று என்றார். வெறுங்காலோடு நின்றாளா என்று கேட்கவில்லை.