டோக்கன் எண் மாறினால் பணிக்காலம் அறுந்துவிடுமா?

2011 அக்டோபர் 31, திங்கட்கிழமை. பிரசவ விடுப்பு முடிந்து நூற்பாலைக்குத் திரும்பிய முதல் நாள். வாசலில் என் பழைய டோக்கனை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைக் கொடுத்தார்கள். பழையது 318. புதியது 742. ஏன் என்று கேட்டேன். "பட்டியலைப் புதிதாகப் போடுகிறோம், அவ்வளவுதான்" என்றார்கள். ஏழு வாரக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பால் கட்டி மார்பு வலித்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் எப்போது முடியும், பஸ் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டு, நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பகுதிக்குப் போய்விட்டேன்.

ஏழு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2019 பிப்ரவரி 28 அன்று வேலையிலிருந்து விலகினேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, பக்கத்தில் ஆள் இல்லாமல் முடியாது என்றான பிறகு எடுத்த முடிவு அது. கணக்கு முடிக்கப் போனபோதுதான் அந்த டோக்கன் மாறியதன் அர்த்தம் புரிந்தது. என் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரவேண்டிய கிராஜுவிட்டி, 42,000 ரூபாய் என்று தாளில் எழுதியிருந்தார்கள். பணியில் சேர்ந்த நாள்: 31.10.2011.

நான் சேர்ந்தது 2006 ஜூன் 12. ஐந்து ஆண்டுகளை ஒரு வரியில் அடித்துவிட்டிருந்தார்கள்.

பணிக்கொடைக் கணக்கு சிரமமானதன்று. அப்போதைய சட்டப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். அதை 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான தொகை. அதைப் பணி செய்த ஆண்டுகளால் பெருக்கவேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்து 10,400 ரூபாய். ஒரு நாளைக்கு 400, ஓராண்டுக்கு 6,000. ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதை ஒரு முழு ஆண்டாக எடுக்கவேண்டும் என்பது சட்டம். 2006 ஜூனிலிருந்து 2019 பிப்ரவரி வரை 12 ஆண்டு 8 மாதம், அதாவது 13 ஆண்டு, 78,000 ரூபாய். ஆலை போட்ட கணக்கில் 7 ஆண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் இதே கணக்குத்தான். இதை ஒவ்வொரு தொழிலாளியும் விரல்விட்டு எண்ணத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது என் ஆசை. எண்ணத் தெரிந்திருந்ததால்தான் அன்று என்னால் "இது குறைகிறதே" என்று வாய்திறக்க முடிந்தது.

மேலாளர் கோபப்படவில்லை. என் எதிரில் ஒரு ரசீதை நகர்த்தி வைத்தார். 42,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டேன், இனி ஆலையிடம் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இன்றே காசோலை என்றார். அம்மாவின் மருந்துச் செலவு கண்முன் நின்றது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். என்னவோ தோன்றி, "நாளை வருகிறேன் சார்" என்று எழுந்து வந்தேன்.

அன்று மாலை எங்கள் தெருவில் இருக்கும் தொழிற்சங்க அண்ணனிடம் போனேன். நான் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கொடுக்கிற பணத்தை வாங்கலாம் தாயே, ஆனால் பாக்கி இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வைக்காதே" என்றார். அந்த வரி இல்லாமல் பணம் தர ஆலை ஒப்பவில்லை. ஆகவே ஒரு ரூபாய்கூட வாங்காமல்தான் தொடங்கினேன்.

முதல் வேலை, ஆலைக்கே விண்ணப்பம் கொடுப்பது. படிவம் 'ஐ' (I) என்று பெயர். ஒரே பக்கம். பெயர், துறை, சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசிச் சம்பளம், கேட்கும் தொகை. நேரில் கொடுத்தால் வாங்கவில்லை என்பார்கள் என்று அண்ணன் சொன்னதால், மார்ச் 18 அன்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் ஆலையின் முத்திரையோடு அட்டை திரும்பி வந்தது. பதில் மட்டும் வரவில்லை. பதினைந்து நாளுக்குள் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் நாம் களைத்துப்போவோம் என்பது அவர்கள் எண்ணம்.

அடுத்தது தொழிலாளர் துறை. பணிக்கொடைச் சட்டத்தின்படி விசாரிக்கும் அதிகாரம் தொழிலாளர் உதவி ஆணையரிடம் இருந்தது. அவருக்குக் கொடுப்பது படிவம் 'என்' (N). இதற்கு 90 நாள் கெடு இருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் ஏற்பார்கள் என்றாலும், அதை நம்பி உட்காராமல் ஜூனிலேயே கொடுத்துவிட்டேன். வக்கீல் வைக்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சங்கத்து அண்ணனுக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் முதல் விசாரணை. நீதிமன்றம் மாதிரிக் கூண்டெல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பயந்துகொண்டு போனேன். ஒரு மேசை, இரண்டு பக்கமும் நாற்காலிகள், நடுவில் அதிகாரி. பெண். என்னை உட்காரச் சொன்னார். பதின்மூன்று ஆண்டு வேலை செய்த இடத்தில் மேலாளர் அறையில் ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை.

ஆலையின் தரப்பில் ஒரு தாளை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. 2011 ஆகஸ்ட் 6 தேதி. சொந்தக் காரணங்களால் ராஜினாமா செய்கிறேன் என்று எழுதியிருந்ததாம். கீழே என் கையெழுத்து. என்னுடையதுதான், மறுக்க முடியாது. எட்டு மாத வயிற்றோடு விடுப்புக் கேட்கப் போன அன்று, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காகிதங்களுடன் சேர்த்து நீட்டிய எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று இது. அந்தத் தாளை மேசையில் பார்த்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிரசவத்துக்குப் போகிறவளிடமா இப்படி ஒரு கையெழுத்தை வாங்கி எட்டு ஆண்டு பத்திரமாக வைத்திருந்தார்கள்?

அதிகாரி என்னைப் பார்த்து, "அந்த நேரத்தில் ஈ.எஸ்.ஐ.யில் பிரசவப் பணம் வாங்கினீர்களா அம்மா?" என்று கேட்டார். வாங்கினேன் என்றேன். "அதற்கான ஆதாரத்தைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அடுத்த தேதி கொடுத்தார்.

வீட்டில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, பணம் வாங்கிய காகிதம் இல்லை. அண்ணன் சொன்ன வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் ஒரு விண்ணப்பம், பத்து ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர். என் காப்பீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, 2011-இல் எனக்கு வழங்கிய பிரசவகாலப் பணப்பயன் விவரமும் அதற்காக ஆலை அனுப்பிய கடிதங்களின் நகலும் வேண்டும் என்று ஈ.எஸ்.ஐ. பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினேன். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி. எனக்கு இருபத்து நான்காம் நாள் வந்தது. மூன்று பக்கத்துக்கு நகல் கட்டணம் ஆறு ரூபாய் கேட்டார்கள். கட்டினேன்.

அந்த மூன்று பக்கங்களைத் திண்ணையில் வைத்து எத்தனை முறை படித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் பக்கம், 2011 ஆகஸ்ட் 8 முதல் அக்டோபர் 30 வரை 84 நாளுக்குப் பணம் கொடுத்த விவரம். அப்போது பன்னிரண்டு வாரம்தான். 2017-இல்தான் 26 வாரமாக உயர்த்தினார்கள். இரண்டாவது பக்கம் என் டாக்டர் சான்று. மூன்றாவது பக்கம்தான் முக்கியமானது. ஈ.எஸ்.ஐ. பணம் கொடுக்கும்போது, பணம் வாங்கும் நாள்களில் அந்தத் தொழிலாளி வேலைக்கு வந்தாரா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். ஆலை அதற்கு அனுப்பிய பதிலின் நகல் அது. மங்கலான நகல். மை பரவியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. டோக்கன் எண் 318, மேற்படி நாள்களில் பணிக்கு வரவில்லை, பிரசவ விடுப்பில் உள்ளார். கீழே ஆலை முத்திரை. ராஜினாமா என்ற சொல் எங்கும் இல்லை.

அதோடு பி.எப். (வருங்கால வைப்பு நிதி) சிலிப்புகளையும் சேர்த்தேன். டோக்கன் எண்ணை மாற்றியவர்கள் பி.எப். எண்ணை மாற்றவில்லை. 2006 முதல் 2019 வரை ஒரே கணக்கு, ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் இருப்போடு தொடர்ந்துகொண்டே வந்திருந்தது.

2020 பிப்ரவரியில் இவற்றைக் கொடுத்தேன். அடுத்த தேதி மார்ச் கடைசியில். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் எதுவும் நகரவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அம்மா அந்த நவம்பரில் இறந்துபோனார். இந்தப் பணத்தில் அவருக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

2021-இல் விசாரணை மறுபடி தொடங்கியது. ஆலையின் அலுவலரைச் சத்தியப் பிரமாணம் செய்யவைத்து விசாரித்தார்கள். ராஜினாமாக் கடிதம் உண்மையானது, அக்டோபர் 31 அன்று புதிதாக வேலைக்குச் சேர்த்தோம் என்று அவர் சொன்னார். அதிகாரி ஈ.எஸ்.ஐ. பக்கத்தை அவர் முன் வைத்து, "இந்த முத்திரை உங்கள் ஆலையுடையதா?" என்று கேட்டார். ஆமாம் என்றார். "ராஜினாமா செய்தவர் எப்படி விடுப்பில் இருப்பார்?" பதில் இல்லை.

பிறகு அதிகாரி கேட்ட கேள்வி, நானோ சங்கத்து அண்ணனோ யோசித்தே பார்க்காதது. "சரி, ஒரு பேச்சுக்கு உங்கள் கடிதத்தை ஏற்றுக்கொள்கிறேன். 2006 ஜூனிலிருந்து 2011 ஆகஸ்ட் வரை ஐந்து ஆண்டு முடிந்துவிட்டதே. ஐந்து ஆண்டு முடித்து ராஜினாமா செய்தவருக்கு அப்போதே பணிக்கொடை கொடுத்திருக்கவேண்டும். கொடுத்ததற்கான ரசீது எங்கே?"

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அலுவலர் கோப்பைப் புரட்டினார். இல்லாத ரசீதை எங்கே தேடுவார்?

ஜூலை இறுதியில் உத்தரவு வந்தது. பிரசவ விடுப்பில் இருந்த நாள்களையும் வேலை செய்த நாள்களாகவே கணக்கில் எடுக்கவேண்டும் என்று அப்போதைய சட்டத்தின் 2ஏ பிரிவு சொன்னது. ஆகவே பணிக்காலம் 13 ஆண்டு. தொகை 78,000 ரூபாய். கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் தனிவட்டி. முப்பது நாள் கெடு. மேல்முறையீடு செய்ய ஆலைக்கு உரிமை உண்டு. ஆனால் உத்தரவிட்ட தொகையைக் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீட்டுக்கே போக முடியும். தராமல் இழுத்தடித்தால் அதிகாரி கொடுக்கும் சான்றை வைத்து மாவட்ட ஆட்சியர் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். இதையெல்லாம் தெரிந்துதானோ என்னவோ, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வரைவோலை வந்துவிட்டது. இரண்டரை ஆண்டு வட்டி 19,500 சேர்த்து 97,500 ரூபாய்.

அந்த அதிகாரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் எனக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. ஒருமுறை நான் தாமதமாகப் போனபோது கடிந்துகொண்டார். ஆனால் கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. எனக்குப் புரியாத ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று கேட்ட பிறகே என் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார். 2011-இல் கையெழுத்து வாங்கியவர்கள் இதைச் செய்திருந்தால் வழக்கே வந்திருக்காது. வேலைவாய்ப்புத் திட்டங்களை அரசு அறிவிக்கும்போதெல்லாம் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். இப்படிப் படித்துவிட்டு வந்து உட்காரும் ஆள் ஒவ்வொரு மேசையிலும் வேண்டும். அந்த மேசைகள் காலியாகக் கிடக்கக்கூடாது, ஒருவர் தலையில் மூவர் வேலையைக் கட்டக்கூடாது. நான் போன நாள்களில் அவர் மேசையில் இருந்த கோப்புக் கட்டுகளின் உயரத்தைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

நான் வழக்கு நடத்தியது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பணிக்கொடை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்று அதில் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்பதும் வந்திருக்கிறது. பதின்மூன்று ஆண்டில் எனக்கு அப்படி ஒரு கடிதம் யாரும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் சேர்ந்த நாளை நிரூபிக்கப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அலைந்திருக்கமாட்டேன். நீங்கள் வேலையில் இருந்தால் அந்தக் கடிதத்தை இப்போதே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

போன வாரம் என் பழைய பகுதியில் வேலை செய்த அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இரண்டு பிரசவம், இரண்டு முறை டோக்கன் மாறியிருக்கிறது. பழைய பி.எப். சிலிப்புகளை ஒரு மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தரையில் பரப்பி ஆண்டுவாரியாக அடுக்கினோம். 2009-ஆம் ஆண்டின் சிலிப் மட்டும் கிடைக்கவில்லை. ஈ.எஸ்.ஐ. எண் அவருக்கு நினைவிருந்தது. தகவல் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரைக் குண்டூசியால் குத்தி, நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறோம்.