காதைக் குடுக்கிறான் டீச்சர்

"காதைக் குடுக்கிறான் டீச்சர், கண்ணைக் குடுக்கல."

அவன் அம்மா இதைச் சொன்னபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிடிக்கிறான்லம்மா, அதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை உருட்டினேன். போன வருடம் ஜூலை மாதம். நான் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்படிச் சிரித்ததுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

அந்த அம்மா பூ கட்டுகிறவர். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுக்கும் மையத்தில் பையனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வர பஸ் சரிப்படாது என்பதால் வராந்தாவிலேயே உட்கார்ந்து கட்டுவார். மடியில் மல்லிகை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறும் வாழைநார். ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் கையில் இருக்காது. பெரும்பாலும் பையன் மேல்தான் இருக்கும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். நான் பார்த்தது பந்தை, அப்புறம் கணக்கு எழுதுகிற ஃபைலை.

அவனுக்கு 7 வயது. மூன்று வயதுக்குப் பிறகுதான் நடந்தான். சட்டையில் பொத்தான் போட வராது, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் பாதி சிந்திவிடும். கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்றுதான் பந்தை எடுத்தோம். முதலில் பலூன். பலூன் மெதுவாக இறங்கும். பார்த்து, கையை நீட்ட முடிவெடுத்து, நீட்டி முடிக்கிற வரைக்கும் அது காற்றிலேயே இருக்கும். நேரம் அதிகம் வேண்டிய பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பந்து கிடையாது. ஆனால் இரண்டாவது வாரமே ஒன்று வெடித்தது. அதற்கப்புறம் பலூனைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சரி, உருட்டுவோம் என்று முடிவெடுத்தேன். எறிந்த பந்தைப் பிடிக்க மேலே கீழே, இடது வலது, கிட்ட தூரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கணிக்க வேண்டும். தரையில் உருண்டு வருகிற பந்துக்கு அவ்வளவு கணக்கு இல்லை. குட்டி ஸ்டூல் ஒன்றில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் பதிகிற மாதிரி கீழே பலகை வைத்தேன். கால் தொங்கினால் விழாமல் இருப்பதிலேயே அவன் கவனமெல்லாம் போய்விடும், கை வேலைக்கு வராது. பழைய ஸ்கூல் சாக்ஸ்களைத் திணித்து ஒரு துணிப்பந்து தைத்தேன். அதற்குள் இரண்டு சலங்கை மணி வைத்தேன்.

அந்த மணியில் எனக்கு ரொம்பப் பெருமை. சத்தம் வந்தால் குழந்தை திரும்பும், திரும்பினால் பார்க்கும் என்பது கணக்கு. தப்பான கணக்கு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கைக்குழந்தை கிலுகிலுப்பை பக்கம் திரும்புவது அப்படித்தான். அவனும் திரும்பினான். ஒரு மாதத்தில் 10க்கு 3, அடுத்த மாதம் 6, அப்புறம் 8. பந்து கைக்குள் வந்து சேரும்போது தோள் இரண்டையும் உயர்த்திக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பக்கத்து அறையிலிருந்து பிசியோ மேடம் எட்டிப்பார்ப்பார்.

பந்து கிளம்பியதும் அவன் முகம் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். இடது காது முன்னால் வரும். அது அவனுடைய வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளைகளிடம் எத்தனையோ வழக்கம் இருக்கிறது, எல்லாவற்றையும் நோண்டிக்கொண்டிருக்க முடியாது. இது நான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டது.

மணியுள்ள பந்தை நான் கண்டுபிடிக்கவில்லை. கோல்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் தொடங்கியது, 1976 முதல் பாராலிம்பிக்கிலும் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கண்ணை மறைத்துக் கட்டிக்கொள்வார்கள், பந்துக்குள் மணி இருக்கும், தரையில் உருண்டு வருகிற சத்தத்தை வைத்துப் பாய்ந்து தடுப்பார்கள். நம் ஊரில் பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட் பந்துக்குள்ளும் சின்ன இரும்புக் குண்டுகள் கலகலக்கும். இந்தப் பந்துகளைப் பற்றி 11 வருடமாகப் பயிற்சிகளில் பேசுகிறவள் நான். கண் இல்லாமலே ஆடுவதற்காக வைத்த மணியை, கண்ணைப் பழக்கும் பயிற்சிக்குள் கொண்டுவந்து வைத்தேன். அதையும் உருட்டியே விட்டேன், சத்தம் ஒரு நொடியும் அறுந்துபோகாதபடி. இதில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூ கட்டிக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்தது.

அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடத் தேவலை. உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் பந்தின் தையலைப் பிரித்து இரண்டு மணியையும் எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன்.

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எந்த உதவியையும் ஒரே நாளில் பிடுங்கக் கூடாது. முதலில் இரண்டில் ஒரு மணியை எடுக்க வேண்டும், பிறகு மிச்சமிருப்பதைப் பஞ்சில் சுற்றிச் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் முழுதாக எடுக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதை நானே சொல்லியிருக்கிறேன். பிறகு ஏன் ஒரே நாளில் எடுத்தேன்? அவர் சொன்னதைச் சோதிக்கிறேன் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பாருங்கம்மா, மணி இல்லாமலும் பிடிக்கிறான் என்று அவரிடம் காட்ட ஆசைப்பட்டேன். வராந்தாவிலிருந்து தெரிகிற மாதிரி ஸ்டூலைக் கதவோரம் நகர்த்திப் போட்டதும் நான்தான்.

பந்தை உருட்டினேன். அது போய் அவன் முழங்காலுக்குக் கீழே இடித்து நின்றது. அவன் அசையவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. பத்தில் ஒன்று கையில் பட்டது, அதுவும் தற்செயல்.

கடைசி உருட்டலுக்கு அப்புறம் குனிந்து பந்தைத் தானே எடுத்தான். இடது காதில் வைத்து ஆட்டினான். மறுபடி ஆட்டினான். எழுந்து என்னிடம் வந்தான். என் உள்ளங்கையில் பந்தை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன் மேல் மூடினான். உடைந்துபோன சாமானை, சரி பண்ணித் தா என்று கொடுப்பார்களே, அப்படி.

வராந்தா பக்கம் பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை, கட்டிக்கொண்டேதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "பரவால்ல டீச்சர், நாளைக்கு வர்றோம்" என்றார். அடுத்த நாள் அவர்கள் வரவேண்டிய நாள் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

மூன்று வாரம் அவன் அந்த ஸ்டூலில் உட்கார மறுத்தான். மணியைத் திரும்ப வைத்துவிடலாமா என்று தினமும் யோசித்தேன். வைக்கவில்லை. அது கொள்கையா பிடிவாதமா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் கோப்புக்காகப் பழைய போட்டோக்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் அவன் ஸ்டூலில் இருக்கிறான், கை இரண்டும் விரிந்திருக்கிறது, பந்தைக் காணோம். நான் உருட்டுவதற்கு முன்னால் எடுத்த படமோ என்று நினைத்தேன். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் பந்து அங்கேதான் இருக்கிறது. சாம்பல் நிற சாக்ஸ், சாம்பல் நிற சிமெண்ட் தரை. என் கண்ணுக்கே தெரியாத பந்தை அவன் கண் தேடிப் பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். பந்து பின்னணியில் இருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். வீட்டில் கிடந்த சாக்ஸில் தைத்ததால் அந்தப் பாடம் தைத்த அன்றே போய்விட்டது. அவன் காதை நம்பியது குறையே இல்லை. நான் கொடுத்ததில் நம்பும்படி இருந்தது அது ஒன்றுதான்.

மஞ்சள் துணி சுற்றித் தைத்தேன். தரையில் கறுப்பு விரிப்பு போட்டேன். தூரத்தைப் பாதியாக்கி 1 மீட்டரில் இருந்து தொடங்கினேன். அவன் அம்மா அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். பவர் இருந்தது. இதனால்தான் பந்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, போட்டுப் பாருங்கள் என்றார்களாம். கண்ணாடியைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டான்.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. நாரை ஈரப்படுத்திக்கொண்டே சொன்னார்: "எங்கம்மா எனக்குக் கட்டக் கத்துக்குடுக்கையில விரலை விட்டுக் கண்ணை எடுத்தா தலையில ஒரு தட்டு தட்டுவாங்க. கை பழகின அப்புறம்தான் நான் வேற பக்கம் பார்த்தேன். இவன் பழகுறதுக்கு முன்னாடியே வேற பக்கம் பார்க்கிறானேன்னு தோணுச்சு டீச்சர்." நான் பயிற்சி வகுப்புகளில் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்வது இது. ஜூலையில் இன்னும் ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

இப்போது 10க்கு 4, நல்ல நாளில் 5. அந்த நாலில் இரண்டு மூன்று தடவையாவது கண் பந்தோடு கூடவே வருகிறது. மஞ்சள் கிளம்பியதும் கண்பாப்பா நகர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்க முடிகிறது. தட்டிலிருந்து இட்லியை எடுக்கும்போது தட்டைப் பார்க்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். மேற்பார்வைக்கு வந்தவர்கள் 8 எப்படி 4 ஆனது என்று கேட்டார்கள். பந்தை மாற்றினோம் என்று எழுதிக் கொடுத்தேன். மணியைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, முடிவில் நல்லதுதான் நடந்தது என்று என்னால் நிறுத்த முடியவில்லை. காரணம் அந்தச் சிரிப்பு. தோளை உயர்த்திக்கொண்டு சிரிப்பானே, அது செப்டம்பருக்கு அப்புறம் வரவில்லை. இப்போது பந்தைப் பார்க்கிறான், பிடிக்கிறான், கீழே வைக்கிறான், அவ்வளவுதான். அந்த எட்டில் அவன் ஏமாற்றவில்லை. உருண்டு வரும் ஒன்றைக் காதால் அளந்து சரியான நேரத்தில் கையைக் கொண்டுவந்து வைத்தான். அந்தத் திறமை ஒரு 7 வயதுப் பிள்ளைக்குத் தானாக வந்தது. நான் கேட்டது அது இல்லை என்பதற்காக அதை எடுத்துவிட்டேன். எடுக்காமல் இருந்திருந்தால் கண் பழகியிருக்குமா? பழகியிருக்காது என்று பாதி நாள் தோன்றுகிறது. மீதி நாள், மஞ்சள் துணியை மட்டும் சுற்றி மணியை உள்ளேயே விட்டிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்குமே என்று தோன்றுகிறது.

இரண்டு மணியும் என் மேசை டிராயரில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. போன மாதம் பேனா எடுக்க டிராயரை இழுத்தபோது உள்ளே லேசாகச் சத்தம் கேட்டது. அறையின் அந்தக் கோடியில் இருந்தவன் எழுந்து வந்துவிட்டான். அதிலிருந்து மையத்துக்கு வந்ததும் நேராக மேசைக்குத்தான் போகிறான். டிராயரில் இடது காதை வைத்துக்கொண்டு நிற்கிறான். இழுத்துத் திறக்க இன்னும் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று அவன் அம்மாவைக் கேட்க வேண்டும். நாளைக்கு வருவார்.