கோணேசர் கோயிலைக் கோட்டைச் சுவரில் தேடுங்கள்

திருகோணமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைவார்கள், மான்களோடு படம் எடுப்பார்கள், ஏற்றத்தில் நடந்து போய்க் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டை எட்டிப் பார்ப்பார்கள், அதற்குள் வெயில் ஏறிவிடும், வான் நேரே கன்னியா வெந்நீரூற்றுக்குக் கிளம்பிவிடும். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயில் எங்கே என்று அவர்கள் கேட்டால் நம்மில் பலர் கடலைக் காட்டுகிறோம். கடலில் இருப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் நுழைந்து வந்த வாசலிலேயே அந்தக் கோயில் இருக்கிறது, அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்குத் தாங்க முடியாத விசயம் இதுதான்.

வாசல் நிலைக்கல்லில் இரண்டு கயல்மீன்கள் செதுக்கியிருக்கும். பாண்டியர் சின்னம். கூடவே ஒரு தமிழ்க் கல்வெட்டும் உண்டு, வரிகள் பாதி வெட்டுப்பட்டு, எழுத்துகள் தேய்ந்துபோய். குளக்கோட்டன் முன்னே செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று தொடங்கும் பாட்டின் துண்டு அது. குளக்கோட்டன், இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் அரசன். பறங்கி என்றால் போர்த்துக்கேயர். முழுப் பாட்டையும் மனப்பாடமாகச் சொல்லும் வயதானவர்கள் திருமலையில் இன்னும் இருக்கிறார்கள். பறங்கி வருவதற்கு முன்பே வெட்டிய தீர்க்கதரிசனம் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள், நடந்து முடிந்த பிறகு எழுதியது என்று இன்னொரு சாரார் வாதாடுகிறார்கள். எப்படியானாலும், நடந்ததை, அல்லது நடக்கப் போவதை, கல்லில் ஏற்றிவைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உளியை எடுத்திருக்கிறார், அந்தக் கல் கோயிலை இடித்தவர்களின் கோட்டை வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இலங்கையில் இதைவிடக் கனமான கல் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சரி, இடிக்கப்படுவதற்கு முன்பு இந்த மலையில் என்ன இருந்தது?

ஒரு தனிக் கோயில் என்று கற்பனை செய்தால் அது தப்பு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போதே, கடல் முத்துகளைக் கொண்டுவந்து கொழிக்கும் இடமாகவும், குடிகள் நெருங்கிப் பெருகி வாழ்ந்த ஊராகவும்தான் கோணமாமலையைச் சொல்கிறார். சோழர் காலத்து நிலாவெளிக் கல்வெட்டு, கோணபர்வதத்தில் இருந்த மச்சகேசுவரம் என்ற சிவன் கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைப் பதிவுசெய்கிறது. 250 வேலி என்றால் ஆயிரத்தைந்நூறு ஏக்கருக்கும் மேல். நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் ஒருதடவை கண்ணை மூடி அந்தப் பரப்பை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வயலும் காடும் ஒரு கோயிலுக்குச் சேர்ந்தால், அதை உழ ஆள் வேண்டும், நெல்லைக் கொண்டுவர வண்டி வேண்டும், கணக்கு எழுத ஒருவர், களஞ்சியம் காக்க ஒருவர், பூத்தொடுக்க, விளக்கேற்ற, மேளம் அடிக்க என்று குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எல்லாரும் குடியிருந்த ஊர் ஒன்றும் இந்த மலையைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். கோயிலைப் பற்றி நூறு பேர் பேசுகிறார்கள், அந்த ஊரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

அப்புறம் 1223. பழைய சக ஆண்டுக் கணக்கில் 1145 என்று குறித்து, கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் வெட்டிய ஒரு கல்வெட்டு இங்கே கிடைத்தது. சோடகங்கதேவன் என்பவர் இலங்கைக்கு வந்ததை அது சொல்கிறது, கோகர்ணம் என்று இந்த இடத்தின் பெயரையும் சொல்கிறது. அது இருந்ததும் ஒரு கதவு நிலைக்கல்லில்தான், உடைந்த நிலையில். அதே நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தன் கயல் சின்னத்தைப் பொறித்ததாகத் தமிழ்நாட்டில் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. இப்போது கோட்டை வாசலில் உள்ள அந்த இரண்டு மீன்களை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பாறை சொல்வதும் நம் வாசலில் ஒரு கல் காட்டுவதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

போர்த்துக்கேயர் ஏன் இங்கே கை வைத்தார்கள் என்பதற்கு மத வெறி என்று ஒற்றைப் பதில் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் காலத்தைக் கவனித்தால் வேறொன்றும் தெரியும். 1619இல் யாழ்ப்பாண அரசு விழுந்தது. 1620இல் ஓவே கியேடே என்பவரின் தலைமையில் டென்மார்க் கப்பல்கள் வந்தன. கண்டி அரசன் செனரத்தோடு பேசி, இதே மலைமுனையில் டேனியர்கள் கோட்டை வேலையைத் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. அவர்களுக்குத் தமிழ்க்கரையில் தரங்கம்பாடிதான் மிஞ்சியது. ஆனால் போர்த்துக்கேயருக்குப் பயம் பிடித்துவிட்டது: கண்டி அரசனுக்கு இந்தத் துறைமுகம் வழியாக இன்னொரு ஐரோப்பிய நாடு கைகொடுத்தால் தங்கள் கதை முடிந்தது. கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி வந்து கோயிலை இடித்தது அந்தப் பின்னணியில்தான். ஊரில் 1622 சித்திரை வருசப்பிறப்பு நாள் என்று சொல்வார்கள், சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் போர்த்துக்கேயப் படையினர் மாறுவேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. 1624 வாக்கில் கோட்டை எழும்பிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, இடிப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் அதே நூற்றாண்டின் கடைசியில் எழுதியது, மலையில் மூன்று கோயில்கள் இருந்தன என்று: அடிவாரத்தில் ஒன்று, ஏற்றத்தின் நடுவில் ஒன்று, உச்சியில் பெரியது. அப்படியான கருங்கல் கட்டடத்தைப் பீரங்கியால் சுட்டுத் தள்ளிவிட்டால் வேலை முடியாது. தூணைச் சாய்க்க வேண்டும், உத்தரத்தை இறக்க வேண்டும், கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் உள்ள குமுதம், பட்டிகை என்ற கல்வரிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், சுவருக்கு ஏற்ற அளவில் உடைக்க வேண்டும், கீழே இறக்க வேண்டும். அதெல்லாம் ஆட்கள் கையால் செய்த வேலை. அந்தக் கற்களைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் அதே கோயிலில் கும்பிட்டவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். வசதியாக இருந்ததைக் கோட்டைக்கு எடுத்தார்கள், மிச்சத்தைப் பாறைக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். பாறையோ 300 அடிக்கு மேல் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது.

கோட்டையின் பிற்காலக் கதை எல்லாப் பலகையிலும் இருப்பதால் வேகமாகவே சொல்கிறேன். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், கைவிட்டார்கள், 1660களில் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருசம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென், பிறகு மறுபடி ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல்தான் யோர்க் கோமகன் பிரட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். தொல்லியல் கண்ணால் பார்த்தால் இதில் ஒரே ஒரு விசயம்தான் முக்கியம்: ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் சுவரைத் திருத்தியிருக்கிறார்கள், உயர்த்தியிருக்கிறார்கள், கற்களை மறுபடி மறுபடி இடம் மாற்றியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் வைத்த இடத்திலேயே எல்லாக் கல்லும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரே சுவரில் மூன்று காலத்துச் சுண்ணாம்புச் சாந்து இருக்கலாம். அதனால்தான் இந்தச் சுவரைப் படிப்பது கடினம், அதனால்தான் படிக்க வேண்டும் என்கிறேன்.

மலை உச்சியில் இன்னொரு கல் இருக்கிறது, அதைப் பற்றிய கதை என்னைக் கோபப்படுத்தும். பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து இங்கிருந்து குதித்து இறந்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தூணில் அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் இருக்கின்றன, அவ்வளவுதான். அவள் பின்னாளில் திருமணம் செய்து வாழ்ந்தவள் என்றே ஒல்லாந்தர் பதிவுகள் காட்டுகின்றன. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: அந்தத் தூணே பழைய கோயிலின் தூண் என்று கருதப்படுகிறது. உச்சிக் கோயிலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் தூண் ஒன்று நம் கண்முன்னே இருக்கும்போது, நடக்காத ஒரு தற்கொலையைப் பற்றி ஏன் கதைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? தூணின் பட்டை எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது, தமிழ்நாட்டில் எந்தக் காலத்துத் தூண்களோடு பொருந்துகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமே.

கோயில் போன பிறகும் கும்பிடுவது நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலேயர் காலத்தில், கட்டடம் எதுவும் இல்லாத அந்த வெறும் பாறை விளிம்பில் நின்று ஐயர் பூசை செய்து, பூவையும் பழத்தையும் தேங்காயையும் கடலுக்குப் போட்டதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கோட்டைக்குள் வெள்ளைக்காரப் பட்டாளம், விளிம்பில் தீபம். தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் கோயில் எழுந்ததும், காப்பாற்றிக் கொண்டுபோன மூர்த்திகளை வைத்துத்தான் என்பது அந்த ஊர் மரபு.

1950இல் கோட்டைக்கு அருகே நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன: சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. பறங்கிக்குப் பயந்து யாரோ புதைத்தவையாக இருக்க வேண்டும். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண் துண்டுகளையும் கண்டார்கள். 1963இல் இன்றைய கோயிலுக்குக் கும்பாபிசேகம் நடந்தது. இந்தப் பதின்மூன்று வருசங்கள் திருமலைக்கு எவ்வளவு பெரிய மகிழ்ச்சியைக் கொடுத்திருக்கும் என்று அந்தக் காலத்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் கவனியுங்கள், முக்கியமான கண்டுபிடிப்பு இரண்டுமே தற்செயல். ஒன்று கிணறு வெட்டியது, மற்றது சுழியோடியது. திட்டம் போட்டுத் தேடினால் எவ்வளவு கிடைக்கும்!

சிலர் உணர்ச்சிவசப்பட்டு, கோட்டையை உடைத்துக் கல்லை எல்லாம் எடுத்துக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அதற்கு முழுதாக எதிர்ப்பு. கல்லைச் சுவரிலிருந்து உருவினால், யார் எப்போது எதை எங்கே வைத்தார்கள் என்ற செய்தி அந்த நிமிசமே அழிந்துவிடும். மீன் பொறித்த நிலைக்கல் வாசலில் இருப்பதால்தான் நடந்ததைச் சொல்கிறது. செய்ய வேண்டியது பதிவு. சுவரை முழுக்கப் படம் பிடித்து முப்பரிமாணமாகக் கணினியில் சேர்க்கும் தொழில்நுட்பம் இன்று சாதாரண கமெராவோடேயே வேலை செய்கிறது. ஒரு கல்லையும் அசைக்கத் தேவையில்லை. குமுதத்தின் வளைவு, கூரையோரக் கபோதத்தின் விளிம்பு, கதவுக் குடுமி சுழன்ற குழி, உளியடித் தடம், இவற்றைத் தெரிந்த ஒரு ஸ்தபதியும் ஒரு தொல்லியல் மாணவரும் ஒன்றாகச் சுவரோரம் நடந்தால் எத்தனை கல் பேசும் என்று யோசியுங்கள். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அனுமதி எடுக்க வேண்டியிருக்கும், தொல்லியல் திணைக்களமும் வர வேண்டும், அதெல்லாம் செய்யக்கூடியவைதான். கடலடியில் இருப்பதற்கும் அதுதான்: வாடைக்காற்றுக் காலம் முடிந்து கடல் தெளியும் மாதங்களில், எதையும் தூக்கிவராமல், இருக்கிற இடத்திலேயே அளந்து வரைய வேண்டும்.

அதுவரை வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1963க்கு முன்பு மலை உச்சியிலோ கோட்டை வாசலிலோ எடுத்த படம் உங்கள் குடும்ப அல்பத்தில் இருந்தால் ஸ்கான் செய்து வையுங்கள். ஆட்கள் நிற்கும் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் தெரியும் கல்லும் சுவரும்தான் வேண்டும். எடுத்த வருசத்தையும், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும், ஞாபகம் உள்ள பெரியவரிடம் இப்போதே கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.