வன்னி மண்ணுக்குள் சோலார் கேபிள்: தோண்டுவது முதல் ஒப்புதல் வரை

வவுனியா வடக்கில், நிலத்தில் தகடுகள் நிறுத்தும் சூரிய மின் நிலையம் ஒன்றின் நிலத்தடிக் கேபிள் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்தேன். வரைபடம் ஒப்புதலாகி, கிடங்கு வெட்டி, சோதித்து, 33 கிலோவோல்ற் வலையமைப்பில் இணைக்கும்வரை எங்கெங்கே தடங்கினோம், எப்படிக் கடந்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கம் அடுத்ததாகச் செய்யப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

முதல் தடங்கல் கேபிள் புதைக்கும் ஆழத்தில் வந்தது. எங்களிடம் தந்த வடிவமைப்பு ஓர் அமெரிக்க மாதிரியைப் பார்த்துச் செய்தது. எல்லா இடத்திலும் 24 அங்குலம். அமெரிக்க விதியில், நேரடியாகப் புதைக்கும் கேபிளுக்குப் பொதுவான இடங்களில் 24 அங்குலம், பீ.வீ.சி. குழாய்க்குள் என்றால் 18, கனமான உலோகக் குழாய்க்குள் என்றால் 6 என்று அட்டவணை இருக்கிறது. ஆனால் எங்கள் ஒப்பந்தம் சொன்னது பி.எஸ். 7671. அந்தப் பிரித்தானிய விதியில் ஆழத்துக்கு எண்ணே கிடையாது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எந்தக் கிளறலிலும் சேதப்படாத ஆழம் வேண்டும். கேபிளுக்கு நிலத்தொடுப்புச் செய்த உலோகக் கவசம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது குழாய்க்குள் போக வேண்டும். மேலே மூடியோ அடையாள நாடாவோ போட வேண்டும். அவ்வளவுதான். எனவே சரிபார்க்கும் பொறியியலாளர் கேட்டது நியாயமான கேள்வி: "இந்த நிலத்தை யார், எதால், எவ்வளவு ஆழத்துக்குக் கிளறுவார்கள்?"

அதற்குப் பதிலைக் காணியில்தான் தேட வேண்டியிருந்தது. வேலிக்கு உள்ளே புல் வெட்டும் ட்ரக்டர், கால் நடும் இயந்திரம். வேலிக்கு வெளியே உழவும் மாரியில் அரிக்கும் வண்டிப் பாதையும். உள்ளே 600 மில்லிமீற்றர், பாதைக்குக் கீழும் 33 கிலோவோல்ற் கேபிளுக்கும் 900 என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிக் கொடுத்தோம். காரணம் இருந்ததால் மறுபேச்சு வரவில்லை.

ஆனால் 900 என்றதும் இன்னொரு கேள்வி எழுந்தது. கண்ணிவெடி அகற்றிய காணிக்குக் கொடுக்கும் சான்றிதழ் குறித்த ஓர் ஆழம்வரைதான் செல்லும். சான்றிதழ் இருக்கிறது, வெட்டலாம் என்று பெக்கோவை இறக்கிவிடக் கூடாது. அந்த ஆழம் என்ன என்று பார்த்து, நமது கிடங்கு அதற்குக் கீழே போனால் கேபிள் பாதையை மட்டுமாவது திரும்பச் சோதித்துத் தரச் சொல்லிப் பிரதேச செயலகம் ஊடாகக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம், செய்து தந்தார்கள். வேலைக்கு வந்த முதியவர் ஒருவர் வரைபடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "தம்பி, உந்த மூலையிலை வெட்டாதேங்கோ, அதிலை பங்கர் இருந்தது." பாதையை விலத்தி வரைந்தோம். ஊரவரிடம் கேட்பதை நான் இப்போது எல்லா வேலையிலும் முதலாவதாக வைக்கிறேன்.

அடுத்தது கேபிளின் தடிப்பு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பி.எஸ். 7671 அட்டவணைகள் மண்ணின் வெப்பநிலை 20 பாகை, வெப்பத் தடை (மண் சூட்டைக் கடத்தாமல் தடுக்கும் அளவு) 2.5 என்று வைத்துக் கணக்கிட்டவை. வன்னிக் கோடையில் மண் அப்படி இருக்காது. மண் 35 பாகை என்று எடுத்தால், எக்ஸ்.எல்.பி.ஈ. காப்புள்ள கேபிளுக்கு அட்டவணையின் அம்பியரை 0.89ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். காய்ந்த மண்ணின் தடை 3 என்று எடுத்தால் 0.90. ஒரே கிடங்கில் 4 சுற்றுகள் ஒட்டிக் கிடந்தால் 0.60. மூன்றையும் பெருக்கினால் 0.48. அட்டவணையில் 100 அம்பியர் என்று இருக்கும் கேபிள் இங்கே 48 அம்பியர்தான் தாங்கும். அதே 4 சுற்றுகளையும் கால் மீற்றர் இடைவெளி விட்டுப் போட்டால் 0.60 என்பது 0.75 ஆகி, 60 அம்பியர் கிடைக்கும். கிடங்கைக் கொஞ்சம் அகலமாக வெட்டும் கூலி, தடித்த கேபிளின் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. சோலாரில் இன்னொரு சிக்கல்: வெயில் உச்சமாக அடிக்கும் மாதங்களில்தான் மண்ணும் காய்ந்து கிடக்கும். மின்னோட்டமும் கூடும், சூடும் வெளியேறாது.

கேபிளைச் சுற்றி ஆற்று மணல் கொட்டுவது எங்கள் பக்கம் பழக்கம். ஒரே அளவுப் பருக்கைகள் உள்ள சுத்தமான மணல் காய்ந்தால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நாங்கள் கல் அரித்த செம்மண்ணோடு கல்தூள் கலந்து, ஈரமாக்கி இறுக்கினோம். முருங்கன் பக்கத்துக் கறுப்பு மண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கோடையில் அது வெடித்துக் கேபிளைச் சுற்றிக் காற்று இடைவெளி விடும்.

தகடுகளிலிருந்து வரும் மெல்லிய டீசி (நேரோட்ட) கேபிளை நேரடியாகப் புதைக்கக் கூடாது. அது வெயிலுக்கும் மழைக்கும் செய்தது, மண்ணுக்கு அல்ல. குழாய்க்குள் போட்டோம். நேர், எதிர் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோனோம். பிரித்துப் போட்டால் இடையில் பெரிய வளையம் உண்டாகி, இடி மின்னல் நேரம் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். சித்திரை, ஐப்பசி இடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கறையானுக்காக, கவசக் கேபிளின் வெளியுறையை மென்மையான பீ.வீ.சி.க்குப் பதிலாகக் கடினமான எச்.டி.பி.ஈ.யில் கேட்டு வாங்கினோம்.

பரிசோதனைக்கு வந்தவர் மூடிய கிடங்கை ஏற்கமாட்டார். அதனால் பகுதி பகுதியாக வெட்டி, கேபிளைப் போட்டு, அளவு நாடாவை வைத்துப் படமெடுத்து, அவர் பார்த்த பிறகே மூடினோம். கேபிளுக்கு மேலே 300 மில்லிமீற்றரில் அடையாள நாடா, திரும்பும் இடமெல்லாம் கொங்கிறீற் கல். டீசி சுற்றுகளின் காப்புத் தடையை 1500 வோல்ற் மெகரால் (அதை அளக்கும் கருவி) சோதித்தோம். தேவையான குறைந்தபட்சம் 1 மெகா ஓம். புதிய கேபிளில் அதைவிட மிக உயரத்தான் காட்ட வேண்டும். 1.2 என்று வந்தால் தேறியது என்று விட்டுவிடாமல் ஏன் என்று தேட வேண்டும்.

ஒப்புதல் கிடைத்து நிலையம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. மாரி நன்றாகப் பிடித்ததும் எல்லாச் சுற்றுகளையும் திரும்ப அளந்தோம். ஒரு வரிசையில் மட்டும் எண் இறங்கியிருந்தது. குழாய் வாயை அடைத்த நுரையை எலி கடித்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தண்ணீரை இறைத்து, வாயைப் பெட்டிக்குள் மேல்நோக்கி உயர்த்தி, உலோக வலை வைத்துத் திரும்ப அடைத்தோம். அந்த அளவீடுகளையும் முதல் அளவீடுகளோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறோம்.