நியூஜெர்சி பிரைமரி: ஆளை எடை போடுவதற்கு முன்னால் படிவத்தோடு மல்லுக்கட்டு

2025 ஜூன் 10 அன்று நடந்த பிரைமரியில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதல்கட்டத் தேர்தலில், நான் போட்ட ஓட்டு எண்ணப்பட்டதா இல்லையா என்று தெரியவே சில வாரம் ஆனது. கவர்னர் பதவிக்கு நின்றவர்களில் யாரை நம்பலாம் என்று யோசித்ததில் போன தூக்கத்தை விட, அந்த ஓட்டைப் போடவிடுங்கள் என்று கேட்டு அலைந்ததில் போன தூக்கம்தான் அதிகம். அடுத்த பிரைமரிக்கு யாராவது கிளம்பினால் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நான் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவன், இங்குள்ள கணக்கில் அன்அஃபிலியேட்டட். 2024 நவம்பர் தேர்தலுக்காக மெயில் பேலட் (தபாலில் வரும் ஓட்டுச்சீட்டு) பட்டியலில் சேர்ந்திருந்தேன். மனைவி டெமாக்ரட் கட்சியில் பதிந்தவள். ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து பேலட் கவர்கள் வர, அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. கட்சி சொல்லாதவருக்கு எந்தக் கட்சியின் பேலட்டை அனுப்புவார்கள், நியாயம்தான். சரி, கேட்டுவிடலாம் என்று தேர்தல் அலுவலகத்துக்கு போன் செய்தேன். இசையெல்லாம் கேட்டு முடித்த பிறகு எடுத்த அம்மா, 'ஏப்ரல் 16 தான் கடைசி நாள், முடிந்துவிட்டது, நவம்பரில் வாங்க' என்று சொல்லி வைத்துவிட்டார்.

இது தப்பான தகவல். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிரைமரிக்கு 55 நாள் முன்னால் என்ற அந்தக் கெடு, ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்துகொண்டு இன்னொரு கட்சிக்கு மாற நினைப்பவர்களுக்கு. எந்தக் கட்சியிலும் இல்லாதவர் ஓட்டுப் போடுகிற அன்றைக்கே, வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிட்டுப் போடலாம். மாநிலத் தேர்தல் பிரிவின் இணையதளத்திலேயே தெளிவாக இருக்கிறது. என்னை மாதிரி எத்தனை பேர் அந்த ஒரு போனோடு விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் படித்துப் பார்த்து, உள்ளே போய் யாரையோ கேட்டு, வெளியே வந்து, 'ஆமா, நீங்க சொல்றதுதான் சரி' என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை. படிவம் கொடுத்தார், கட்சியைக் குறித்து மெயில் பேலட்டுக்கும் எழுதிக் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் அடுத்த ஏழரை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இவ்வளவு வீம்பு எதற்கு என்று மனைவியே கேட்டாள். காரணம் பாப் மெனண்டெஸ். டெமாக்ரட் கட்சிக்காரர், எங்கள் மாநிலத்தின் முன்னாள் அமெரிக்க செனட்டர். அவருடைய முதல் ஊழல் வழக்கு 2017இல் ஜூரி ஒத்துப்போகாமல் கலைந்தது. 2018 ஜூன் பிரைமரியில் அவரை எதிர்த்து, யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத, கையில் காசும் இல்லாத லிசா மெக்கார்மிக் நின்று ஏறக்குறைய 38 சதவீதம் வாங்கினார். அவர் யார் என்று தெரிந்து போட்டவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள், மற்றவர்கள் இவர் வேண்டாம் என்று போட்டார்கள். நவம்பர் வந்ததும் அதே ஆட்கள், ரிபப்ளிகன் கட்சிக்குப் போட மனம் வராமல், மெனண்டெஸுக்கே போட்டு அனுப்பினார்கள். நானும்தான். பிறகு வீட்டில் 4,80,000 டாலருக்கு மேல் ரொக்கம், தங்கக் கட்டிகள், 2024 ஜூலையில் 16 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு, 2025 ஜனவரியில் 11 ஆண்டு சிறை. சொந்தக் கட்சியின் தப்பான ஆளை, எதிர்க்கட்சிக்குப் போடாமலே கழற்றிவிட முடிகிற ஒரே இடம் பிரைமரி. நவம்பரில் நேர்மையைப் பார்ப்பேன் என்று சொல்கிறவர்களும் கடைசியில் கட்சியைப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

ஆனால் இந்த மாநிலத்தில் அந்தக் கதவையும் ரொம்ப நாளாகச் சாத்தியே வைத்திருந்தார்கள். 'லைன்' என்று ஒன்று இருந்தது, பழைய ஆட்களுக்குத் தெரியும். கவுண்ட்டி (மாவட்டம் மாதிரி) கட்சித் தலைமை யாரை ஆதரிக்கிறதோ அவர்கள் எல்லோரும் பேலட்டில் ஒரே வரிசையில் பளிச்சென்று இருப்பார்கள், மற்றவர்கள் எங்கோ ஓரத்தில். வலுவான ஆள் எவனும் லைனை எதிர்த்து நிற்கத் துணியமாட்டான். 2024இல் செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டு, மார்ச் 29 அன்று பெடரல் நீதிபதி அந்த டெமாக்ரட் பிரைமரியில் லைனுக்குத் தடை விதித்து, கடைசியில் சட்டமே மாறி, 2025இல்தான் லைன் இல்லாத முதல் கவர்னர் பிரைமரி. ஒரு பதவிக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள். டெமாக்ரட் பக்கம் ஆறு பேர்: மிக்கி ஷெரில், ராஸ் பராகா, ஸ்டீவன் ஃபுலப், ஜாஷ் காட்ஹைமர், ஸ்டீவ் ஸ்வீனி, ஷான் ஸ்பில்லர். சுதந்திரம் வந்துவிட்டது, இப்போது நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை வைத்து?

தபால்பெட்டியை வைத்து மட்டும் வேண்டாம். மே மாதம் முழுக்க மெயிலர் (தபாலில் வரும் பிரசார அட்டை) குவிந்தது. ஸ்பில்லர் படம் போட்டது வராத நாள் உண்டா என்று சந்தேகம். அவர் அப்போது ஆசிரியர் சங்கமான என்ஜேஇஏவின் தலைவர், சங்கப் பணம் வந்த சூப்பர் பேக் (வேட்பாளரின் கணக்கில் சேராமல் தனியாகச் செலவழிக்கும் அமைப்பு) அவருக்காக 3.5 கோடி டாலருக்கு மேல் இறைத்தது. அவர் சொந்தமாகத் திரட்டியதோ அரசின் பொருத்த நிதிக்கு, அதாவது திரட்டிய நன்கொடைக்கு ஏற்ப அரசு தரும் பணத்துக்கு, தகுதி பெறும் அளவுக்குக்கூட இல்லை. அந்தத் தகுதிக்கு 2025இல் 5,80,000 டாலர் திரட்ட வேண்டியிருந்தது, ஒருவரிடம் வாங்க முடிந்தது அதிகபட்சம் 5,800. ஆக, நிறையப் பேரிடம் கை நீட்டியாக வேண்டும். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சங்க உறுப்பினரான ஒரு தோழிக்கு இதில் தப்பே தெரியவில்லை, 'ஆசிரியர் பணத்தில் ஆசிரியர் நிற்கிறார், கார்ப்பரேட் பணமா என்ன' என்றார். எனக்கு அது ஒட்டவில்லை. மெயிலரைப் புரட்டி அடியில் பொடி எழுத்தில் யார் காசு என்று போட்டிருப்பதை முதலில் படியுங்கள், சிரிக்கிற முகத்தை அப்புறம் பார்க்கலாம்.

எனக்கு உருப்படியாகக் கிடைத்தது எலெக் என்று சொல்லப்படுகிற மாநிலத் தேர்தல் நிதி ஆணையத்தின் இணையதளம். தேடும் பக்கம் பழைய காலத்துத் தோற்றம், பொறுமை வேண்டும். ஆனால் நன்கொடை கொடுத்தவர் பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் இருக்கிறது. ஒரே கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்யும் பலர் ஒரே சமயத்தில் ஒரே ஆளுக்குக் கொடுத்திருந்தால் தெரிந்துவிடும். வேட்பாளரின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற அறிக்கையும் அங்கேயே உண்டு. நம்மூரில் வேட்புமனுவோடு சொத்தும் குற்ற வழக்கும் சேர்த்துப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள் இல்லையா, அந்த அளவுக்கு வழக்கு விவரத்தை இங்கே ஒரே தாளில் எதிர்பார்க்காதீர்கள். அதை நீங்களேதான் செய்தித்தாளில் தேட வேண்டும். அதே சமயம் நம்மூரில் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை நேர்காணல் நடத்தி முடிவு செய்துவிடுகிறது, நமக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது.

இதையெல்லாம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தபோது சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே இங்கே வந்து குடியேறிய ஒரு பெரியவர் சிரித்தார். 'தம்பி, எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான். நவம்பர்ல யார் ஜெயிப்பாங்களோ அவங்களுக்குப் போட்டுட்டுப் போங்க.' என் மனைவியின் கணக்கும் அதுதான். கடற்படை ஹெலிகாப்டர் ஓட்டினவர், ரிபப்ளிகன் கையிலிருந்த தொகுதியை 2018இல் பிடித்தவர் என்று ஷெரிலுக்கு முதலிலேயே முடிவு செய்துவிட்டாள். பங்கு வர்த்தகத்தைத் தாமதமாகத் தெரிவித்ததற்கு அவர் அபராதம் கட்டியிருக்கிறார் என்று நான் எடுத்துக் காட்டினேன். 'நீங்க லைப்ரரி புக்கை லேட்டா கொடுத்து ஃபைன் கட்டினதில்லையா' என்றாள். வாயடைத்துப் போனேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எது தவறு, எது குற்றம், எது சும்மா எதிராளி ஊதுவது என்று பிரித்துப் பார்க்க அன்றிலிருந்துதான் தொடங்கினேன்.

பராகா விஷயத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பே இரண்டாகப் பிளந்தது. நெவார்க் மேயரான அவரை மே 9 அன்று அங்குள்ள குடியேற்றத் தடுப்பு மையத்துக்கு வெளியே கைது செய்தார்கள், அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. பத்து நாளில் அரசே வழக்கைக் கைவிட்டது. 'சொன்னதுக்காகக் கைவிலங்கு மாட்டிக்கிட்ட ஒரே ஆள்' என்று ஒரு கூட்டம், 'தேர்தலுக்கு ஒரு மாசம் இருக்கும்போது கேமரா முன்னால நல்ல டைமிங்' என்று இன்னொரு கூட்டம். ஹெச்-1பி வேலை விசாவில் இருந்து ஓட்டே இல்லாதவர்கள்தான் அதிகம் சண்டை போட்டார்கள், அது வேறு கதை. நான் பார்த்தது ஒன்றுதான்: இந்தப் பிரச்சினையில் அவர் தேர்தலுக்கு முன்னாலும் இதையே பேசினாரா? பேசியிருக்கிறார். திடீர்க் கொள்கை இல்லை.

ரிபப்ளிகன் பக்கம் பதிந்த நண்பனுக்கு வேறு தலைவலி. அந்தப் பக்கம் கவர்னருக்கு நின்ற சியாட்டரெல்லி 2015இல் டிரம்பைப் போலி என்று திட்டியவர், 2025இல் டிரம்ப் ஆதரவோடு நின்றார். மாறினது மனமா, காற்றா? 'அவரை எதிர்த்து நிற்கிற ஸ்படேயாவும் ஒரு காலத்தில் டிரம்பைக் குறை சொன்னவர்தான், அப்ப நான் யாரை நம்ப' என்று புலம்பிவிட்டு, வரி விஷயத்தில் யாருடைய பழைய பேச்சு மாறாமல் இருக்கிறது என்று பார்த்துப் போட்டான். எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. ஆள் முழுக்க யோக்கியனா என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு முக்கியமான ஒரு விஷயத்தில் பேச்சு மாறினாரா என்று கண்டுபிடிக்க முடியும்.

கவர்னரோடு முடியவில்லை, மாநில அசெம்பிளிக்கும் அன்றைக்கே பிரைமரி, தொகுதிக்கு இரண்டு இடம், இருவருக்குப் போட வேண்டும். அவர்களைப் பற்றி ஒரு எழவும் கிடைக்காது. பேலட்டில் பெயரோடு ஆறு சொல்லுக்குள் ஒரு வாசகம் இருக்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். லைன் போனாலும், யார் கட்சித் தலைமையின் ஆள் என்று சொல்ல அந்த வாசகம் போதும். மாதிரி பேலட்டைப் பார்த்து, பெயர்களை முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

இப்போது அந்த ஏழரை. நான் கேட்ட மெயில் பேலட் வரவே இல்லை. இணையத்தில் பார்த்தால் 'அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது. ஜூன் 10 அன்று காலையில் சாவடிக்குப் போனேன் (காலை 6 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும்). திரையில் என் பெயரைப் பார்த்த பணியாளர், உங்களுக்கு மெயில் பேலட் கொடுத்தாகிவிட்டது, மெஷினில் போட முடியாது என்றார். வரவில்லை என்றேன். வீட்டில் தேடிப் பாருங்கள் என்றார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். புரொவிஷனல் பேலட் கொடுங்கள், அது என் உரிமை என்று சொன்ன பிறகுதான் (சரிபார்த்த பிறகு எண்ணப்படும் தற்காலிக ஓட்டுச்சீட்டு அது) மேசைக்கு அடியிலிருந்து கவர் வந்தது. அந்தச் சொல் தெரியாமல் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். முதலில் எந்தக் கட்சி என்று கேட்காமலே ஒரு பேலட்டை நீட்டினார், பார்த்தால் எதிர்க்கட்சி. திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினேன்.

புரொவிஷனலில் கவனிக்க வேண்டியது கவரோடு வரும் உறுதிமொழிப் பகுதி. அதை நிரப்பிக் கையெழுத்துப் போடாமல் கொடுத்தால் ஓட்டு செல்லாமல் போக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. பக்கத்து மேசையில் ஒரு வயதான அம்மா கையெழுத்து இல்லாமல் நீட்டப் போனார், நான் கூப்பிட்டுச் சொன்னேன், பணியாளர் என்னை முறைத்தார். பரவாயில்லை.

மெயில் பேலட்டில் நான் ஓட்டுப் போடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் புரொவிஷனலை எண்ணுவார்கள், அதனால்தான் தாமதம். எண்ணப்பட்டது என்று வந்த அன்று வீட்டில் பாயசம் கேட்டேன், கிடைக்கவில்லை. ஷெரில் சுமார் 34 சதவீதத்தில் ஜெயித்திருந்தார், நான் போட்டவர் பின்னால் எங்கோ. பெரியவர் அடுத்த வாரம் கேன்டீனில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார்.

இன்னொன்று: பிரைமரியில் ஓட்டுப் போட்டதும் நீங்கள் அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவீர்கள், அதற்கென்றே போனும் கடிதமும் வரும். பிடிக்காவிட்டால் கட்சி அறிவிப்புப் படிவத்தில் அன்அஃபிலியேட்டட் என்று குறித்து அனுப்பிவிடலாம். அடுத்த பிரைமரிக்குக் கட்சி மாற நினைப்பவர்கள் அதை அந்த 55 நாள் கெடுவுக்கு முன்னால் அனுப்ப வேண்டும். நான் அனுப்பிவிட்டேன், இந்தத் தடவை நேரில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகல் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.