வலது கண்ணை மூடியதும்

பள்ளிக்கூடங்களுக்குக் கண் பரிசோதனை முகாமுக்குப் போக ஆரம்பித்த புதிதில், "யாருக்காவது போர்டு சரியாத் தெரியலையா?" என்று கேட்பேன். ஒரு கைகூட உயராது. கேட்டதே அசட்டுத்தனம். பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கிற பிள்ளைக்கு உலகமே அப்படித்தான், பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே மங்கல் என்றுதான் நினைத்திருக்கும்.

6 மீட்டர் தள்ளி எழுத்து அட்டையை மாட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்துவிடுவார்கள், கடைசி வரியைத் தரையைப் பார்த்தபடி ஒப்பித்தவன்கூட உண்டு. அப்புறம்தான் வரிசையை வாசலுக்கு வெளியே தள்ளினோம்.

கிட்டப்பார்வைதான் அதிகம் வரும். அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்கள், வைட்டமின் ஏ குறைந்து இருட்டியதும் தடுமாறுகிறவர்கள் எல்லாம் இடையிடையே.

ஆனால் மறக்க முடியாதது ஒரு 7 வயதுப் பெண். வலது கண்ணில் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். வலதை மூடச் சொன்னதும் விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நானே ஒரு அட்டையால் மறைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுத்து அட்டையை எடுத்துட்டீங்களா சார்?" என்றாள். இடது கண்ணுக்கு மேல்வரிப் பெரிய எழுத்துகூடத் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்தது. மாறுகண் இல்லை, பார்க்க இரண்டும் அழகான கண்கள், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சிறு துளை வழியாகப் பார்க்கவைத்தும் பெரிய முன்னேற்றம் இல்லை, வெறும் பவர் கோளாறு மட்டும் என்றால் துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் இரண்டு கண்ணுக்கும் பவரில் ஏகப்பட்ட வித்தியாசம். மங்கலான கண்ணை மூளையே ஒதுக்கிவைத்திருக்கிறது. சோம்பேறிக் கண் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, பழி கண்மேல் விழுகிறது.

கண்ணாடி, கூடவே நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்க வேண்டும். "நல்லாத் தெரியிற கண்ணை எதுக்குங்க மூடணும்?" என்று அம்மா சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். நல்ல கண்ணை மூடினால்தான் மூளை மங்கலான கண்ணைப் பயன்படுத்தப் பழகும், வயது ஏற ஏற இந்த வைத்தியம் கடினமாகும் என்பதை விளக்க அரை மணி நேரம் ஆனது.

அடுத்த முறை போனபோது கண்ணாடி பைக்குள் இருந்தது. "சோடாபுட்டின்னு கூப்பிடுறாங்க சார்." அன்றைக்கு முகாமை நிறுத்திவிட்டு, வகுப்பு முழுக்க ஆளுக்கொரு வெறும் ஃபிரேமை மாட்டிவிட்டேன். ஒரே சிரிப்பு. அந்தக் கூத்து முடிந்ததும் அவளே வந்து வலது கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், இந்த முறை இடுக்கில்லாமல். மூன்று வரி படித்தாள்.